அதிர்வெண்ணைக் கூட்டினால் அலையின் வேகம் கூடுமா?

கேள்வி: திசைவேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்று மகனின் பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்கினால் ஒலியின் வேகமும் இரண்டு மடங்காக வேண்டும்தானே? அப்படி எழுதியதற்கு மதிப்பெண் இல்லை. ஒலி காற்றிலிருந்து தண்ணீருக்குள் போனால் எது மாறும் என்பதிலும் குழம்புகிறான்.

பதில்: மதிப்பெண் தராதது சரிதான். மூன்று அளவுகளும் எப்படிப் பொருந்தும் என்பதை மட்டுமே அந்தச் சமன்பாடு சொல்கிறது. எதை எது தீர்மானிக்கிறது என்று அது சொல்வதில்லை. அதிர்வெண்ணை, அதாவது வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பதை, தீர்மானிப்பது அலையை உண்டாக்கும் பொருள். திசைவேகத்தைத் தீர்மானிப்பது ஊடகம், அதாவது அலை கடந்துபோகும் காற்று, நீர் போன்ற பொருள். அந்த இரண்டுக்கும் ஏற்றபடி அலைநீளம் (ஒரு முழு அலையின் நீளம்) அமைந்துவிடும்.

20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலியின் திசைவேகம் சுமார் 343 மீ/வி. 500 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் உலோகக் கவை) தட்டினால் அலைநீளம் 343 ÷ 500 = 0.686 மீ. 1000 ஹெர்ட்ஸ் என்றால் 0.343 மீ. அதிர்வெண் இரட்டித்தது, அலைநீளம் பாதியானது, வேகம் அப்படியே இருக்கிறது. வேகம் மாற வேண்டுமானால் காற்றின் நிலை மாற வேண்டும்: வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ 0.6 மீ/வி கூடும். பலமாகத் தட்டினால் வீச்சும் (அதிர்வின் அளவு) சத்தமும்தான் கூடும்.

அதே 500 ஹெர்ட்ஸ் ஒலி தண்ணீருக்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே திசைவேகம் சுமார் 1480 மீ/வி, ஆகவே அலைநீளம் 2.96 மீ. அதிர்வெண் ஏன் மாறவில்லை? காற்றில் வரும் ஒவ்வொரு நெருக்கமும் (காற்று அழுந்திச் செறிந்த பகுதி) நீர்ப்பரப்பை ஒரு முறை அழுத்துகிறது. வினாடிக்கு 500 முறை அழுத்தப்படும் பரப்பு, தனக்குக் கீழே உள்ள நீரையும் 500 முறைதான் அழுத்த முடியும். வந்தது 500, போனது 400 என்றால் மிச்சம் 100 எல்லையில் தேங்கிக் கிடக்க வேண்டும். அதற்கு வழியே இல்லை. இந்தக் காரணத்தை மகன் தன் சொற்களில் சொல்லிவிட்டால், ஒளி வேறு ஊடகத்துக்குள் போகும்போது வளையும் ஒளிவிலகலிலும் அதே கேள்விக்குத் தடுமாற மாட்டான்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். கம்பி வாத்தியத்தில் கம்பியை முறுக்கினால் சுருதி ஏறுகிறதே? அங்கே அலைநீளம் கம்பியின் நீளத்தால் கட்டப்பட்டிருக்கிறது. அடிப்படை அதிர்வில் அது கம்பி நீளத்தைப் போல் இரண்டு மடங்கு. இழுவிசை நான்கு மடங்கானால் கம்பியில் அலையின் வேகம் இரண்டு மடங்காகும். அலைநீளம் மாற வழியில்லாததால் அதிர்வெண் இரட்டிக்கிறது. கம்பியே இங்கு ஒலி மூலம் என்பதால், மேலே சொன்ன விதிக்கு இது முரண் அல்ல.

வீட்டில் காட்ட, 4 அல்லது 5 மீட்டர் கனமான கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து ஒரே ஒரு உதறல் கொடுங்கள். நடுவில் வண்ண நூல் ஒன்றைக் கட்டிவைத்தால், அலை கடந்துபோக நூல் மேலும் கீழும் மட்டும் ஆடுவது தெரியும். சிறிதாக உதறினாலும் பெரிதாக உதறினாலும் கட்டிய முனையை அடைய ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நேரம் குறையும். தொடர்ந்து ஆட்டக் கூடாது: திரும்பி வரும் அலையும் புதிய அலையும் சேர்ந்து, நின்ற இடத்திலேயே ஆடும் நிலையலையாகிவிட்டால் முகடு (அலையின் உச்சி) நகர்வதே தெரியாது. கயிற்றுக்குப் பதில் சுருள்வில் பொம்மையை எடுத்தால் ஏமாற்றம்தான். அதை நீட்டினால் வேகம் கூடும், கடக்க வேண்டிய தூரமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடும்; நேரத்தில் வித்தியாசமே தெரியாது.

கணக்கில் மதிப்பெண் போகும் இடம் பெரும்பாலும் வரைபடம். கிடை அச்சில் தூரம் இருந்தால் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைவெளி அலைநீளம். காலம் இருந்தால் அது அலைவு நேரம், அதாவது ஒரு முழு அதிர்வுக்கு ஆகும் நேரம். அச்சின் பெயரைப் படிக்காமல் 0.02 வினாடியை 0.02 மீட்டர் என்று எடுப்பவர்கள் நிறைய. அந்த 0.02 வினாடிக்கு அதிர்வெண் 1 ÷ 0.02 = 50 ஹெர்ட்ஸ். வீச்சை நடுக்கோட்டிலிருந்து முகடு வரை அளக்க வேண்டும்; அகட்டிலிருந்து (அலையின் அடிப்பள்ளம்) அளந்தால் இரண்டு மடங்கு வரும். “முதல் முகட்டுக்கும் ஐந்தாவது முகட்டுக்கும் இடையே 12 செ.மீ.” என்று கேட்டால் 5-ஆல் வகுத்துவிடுவார்கள். ஐந்து முகடுகளுக்கு நடுவே இருப்பவை நான்கு அலைநீளங்கள், ஆகவே 3 செ.மீ. திசைவேகம் மீ/வி-யில் வேண்டுமென்றால், பெருக்கும் முன் அதை 0.03 மீ என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.