ஏழு ஜோடிச் செருப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நான் டில்லி உத்தம் நகரில் இருக்கிறேன், சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். வருகிற ஜனவரியில் எங்கள் சபை வாலிபர்கள் எட்டுப் பேர் பத்து நாள் நேபாளம் போய், உபத்திரவப்படும் விசுவாசிகளோடு சேர்ந்து ஊழியம் செய்யத் தீர்மானித்திருக்கிறோம். தலைக்கு 20,000 ரூபாய் ஆகும். அம்மா பயந்துபோய் வேண்டாம் என்கிறார். அந்தப் பணத்தை அங்கேயே அனுப்பிவிடலாமே என்கிறார் ஒரு மூப்பர். சட்டச் சிக்கல் ஏதும் வருமா? திரும்பி வந்து போட்டோ, வீடியோவோடு சாட்சிக் கூட்டம் வைத்து சபையை எழுப்ப வேண்டும் என்பது என் ஆசை. ருமேனியாவில் விசுவாசத்துக்காகச் சிறையில் கிடந்த பாஸ்டர் ரிச்சர்ட் உம்பிராண்ட் வெளியே வந்து சொன்னதால்தானே சிறையில் நடந்ததெல்லாம் உலகத்துக்குத் தெரிந்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். வாசலில் இருபது ஜோடிச் செருப்பு சிதறிக் கிடந்தது. மாடிவீட்டுக்காரர் தாண்டிப் போக வழியில்லாமல் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். எனக்கு வேறொரு வாசல் ஞாபகத்துக்கு வந்து, அதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நேபாளத்துக்கு நமக்கு விசா தேவையில்லை. ஆனால் 2015 அரசியல் சாசனத்தின் 26-வது பிரிவு மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டப்படி அதற்கு 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஆக, என்ன ஆனாலும் நீங்கள் கடைசியில் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவீர்கள். அந்த ஊர்க்காரனை அனுப்பிவைக்க வேறு ஊர் கிடையாது.

அம்மாவின் பயத்தில் நான் தலையிட மாட்டேன், அது உங்கள் வீட்டு விஷயம். மூப்பருக்கும் பதில் சொல்லப்போவதில்லை. பணத்தை அனுப்பிவிட்டு மறந்துபோகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அதில் ஒருவன்.

2019 பிப்ரவரியில் நாங்கள் ஏழு பேர் ஆனந்த் விஹாரில் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் பன்பசாவில் இறங்கி, சாரதா அணைப் பாலம் வழியாக எல்லையைத் தாண்டினோம். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை, சபையும் அன்றுதான் கூடும். நாங்கள் போனது பாஸ்டரின் வாடகை வீட்டுக்கு. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டதும் அவருடைய மகள், பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும், ஒரு சிமெண்ட் சாக்கோடு வந்தாள். எல்லாச் செருப்பையும் அதில் அள்ளிப் போட்டு உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். எவ்வளவு சுத்தம் பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெச்சிக்கொண்டேன். வாசலில் சேர்ந்தாற்போல ஏழு ஜோடி கிடந்தால் அங்கே கூட்டம் நடக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

பாட்டு ஆரம்பித்ததும் பாஸ்டரின் மனைவி எழுந்துபோய் டி.வி.யைச் சத்தமாக வைத்தார். ஏதோ ஓர் இந்தி சீரியல், மாமியார் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரர்கள் பாடும்போது கை தட்டவில்லை, ஒரு உள்ளங்கையை இன்னொன்றில் வைத்து அழுத்திக்கொண்டார்கள். நாங்கள் என்ன செய்தோம்? டி.வி.க்கு மேலே கேட்க வேண்டும் என்று இன்னும் உரக்கப் பாடினோம். டோலக் வேறு கொண்டுபோயிருந்தோம்.

கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு போட்டோ. பாஸ்டர் தயங்கினார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த விருந்தாளிகளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? டில்லியில் சாட்சிக் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டோம். நான்தான் சாட்சி சொன்னேன். நன்றாகவே சொன்னேன், பலர் அழுதார்கள். யாரோ திரையைப் படம் பிடித்து, ஊர்ப் பெயரையும் சேர்த்து, ஜெபக்குறிப்பு என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து பாஸ்டர் போன் செய்தார். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம், போலீசும் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்களாம். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தப் படத்தை அழித்துவிட முடியுமா என்று மட்டும் கேட்டார். எத்தனை பேர் போனிலிருந்து அழிப்பது? சரி என்று சொல்லி போனை வைத்தேன்.

சாட்சி என்ற சொல்லை நாம் படுத்துகிற பாடு கொஞ்சமா? வேலை கிடைத்தால் சாட்சி, வண்டி வாங்கினால் சாட்சி. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் சாட்சிக்கு உள்ள சொல்தான், பிற்பாடு விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கும் பெயராயிற்று. தமிழில் நாம் முன்னால் இரத்தத்தைச் சேர்த்து இரத்தசாட்சி என்றோம். இன்றைக்கு நம் கூட்டங்களில் இரத்தம் ஒருவருடையது, சாட்சி வேறொருவருடையது.

உம்பிராண்டை இதில் இழுக்காதீர்கள், தம்பி. 14 ஆண்டு சிறையில் கிடந்த மனிதர். 1966-ல் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்றின் முன்னால் சட்டையைக் கழற்றித் தழும்புகளைக் காட்டினார். அது அவருடைய சொந்த உடம்பு. அதற்குள் ருமேனியாவைவிட்டு வெளியேயும் வந்திருந்தார். அடுத்தவன் சட்டையை அவர் கழற்றவில்லை. நீங்கள் கழற்றப்போகிறீர்கள், அதுவும் அவன் இன்னும் அதே தெருவில் குடியிருக்கும்போது.

முகத்தை மறைத்துவிடுவோம் என்பீர்கள். கதவின் நிறத்தைப் பார்த்து வீட்டைச் சொல்லத் தெரியாதவன் அந்தத் தெருவில் யாரும் இல்லை. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டோம் என்பீர்கள். எட்டுப் பேரில் ஒருவர் வீட்டுக்குள் சொல்வார், அவர் அத்தை ஜெபக்குழுவில் சொல்வார். நம் சனத்துக்கு ரகசியம் காக்கத் தெரியாது, ஜெபம் என்று பெயர் வைத்துவிட்டால் சுத்தமாகத் தெரியாது.

உங்கள் ஊர்ப்பக்கம்தானே முதலூர்? கிறிஸ்தவர்கள் ஆனதற்காக அடிபட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு 1799-ல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் உண்டாக்கிய ஊர் அது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கூரை போட ஓர் இடம்.

சரி, உத்தம் நகரிலிருந்து விகாஸ்புரி எவ்வளவு தூரம்? பர்மாவின் சின் மாநிலத்திலிருந்து ராணுவத்துக்குப் பயந்து ஓடிவந்த ஜனங்கள் பல வருடமாக அங்கே ஒற்றை அறைகளில் குடியிருக்கிறார்கள். 1899-ல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் சின் மாநிலத்து ஹாக்காவுக்குப் போனதிலிருந்து தொடங்கி, இன்று அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். 2021 செப்டம்பரில் அதே மாநிலத்தின் தந்த்லாங் ஊரில் ராணுவத் தாக்குதலில் வீடுகள் எரிந்தபோது, தீயை அணைக்கப் போன பாஸ்டர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அகதிகள் பற்றிய 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, ஐ.நா. கொடுக்கும் கார்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். ராத்திரி காய்கறிச் சந்தை கலைந்த பிறகு கீழே கிடப்பதைப் பொறுக்கும் அக்காமார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேபாளிகள் என்று நினைத்திருப்பீர்கள்.

அதில் ஒரு குடும்பத்தோடு எங்களுக்குப் பழக்கம். ஜெபம் பண்ண வரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, ஜெபத்துக்கு ஆள் இருக்கிறது, காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வரிசையில் கூட நிற்க முடியுமா என்றார். கவுண்டரில் பேசும் இந்தி அவருக்குப் பிடிபடவில்லை, சீட்டில் பெயரை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள், மறுதடவை போனால் பழைய சீட்டு செல்லாது என்கிறார்கள். இரண்டரை மணி நேரம் நின்றோம். இவங்க யாரு என்று முன்னால் நின்றவர் கேட்டார். பக்கத்து வீடு என்றேன். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிச் சரியாக எழுதவைத்தேன். அவ்வளவுதான் அன்றைய ஊழியம்.

நேபாளம் போவதா வேண்டாமா என்பதுதானே உங்கள் கேள்வி? போங்கள். எட்டுப் பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். பிரசங்கம் வேண்டாம், டோலக் வேண்டவே வேண்டாம். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், பாத்திரம் கழுவிக் கொடுங்கள். எப்படி இருந்தது என்று சபையில் யாராவது கேட்டால், ஜனவரி அல்லவா, பனிமூட்டம், குளிர் அதிகம் என்று சொல்லுங்கள்.