கொலுப்படி முதல் நடைவண்டி வரை: விடுமுறை நாள் தச்சு வேலை – கேள்வி பதில்

தச்சு என் குலத்தொழில் அன்று. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே, 22 ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை விடுமுறைகளிலும் உளி பிடித்துப் பழகியவன் நான். எங்கள் தெருவில் இருந்த ஆசாரி ஒருவர்தாம் இழைப்புளியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். விடுமுறையில் வீட்டாரோடு சேர்ந்து மரவேலை செய்ய விரும்பும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நான் செய்து பார்த்து அறிந்ததைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து: ஐயா, காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, நான்கு அடி அகலத்தில் ஐந்து படிக் கொலு செய்ய ஆசைப்படுகிறேன். 12 மி.மீ. பிளைவுட் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். மண் பொம்மைகளின் எடையைத் தாங்குமா?

உடையாது, ஆனால் நடுவில் தொய்யும். பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தை (கனம் × கனம் × கனம்) பொறுத்தது என்பதால், 12 மி.மீ. பலகையைவிட 18 மி.மீ. பலகை ஒன்றரை மடங்கு அன்று, ஏறக்குறைய 3.4 மடங்கு விறைப்பாக இருக்கும். ஆகவே 18 மி.மீ. வாங்குங்கள். எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்றை ஒன்பது அங்குல அகலத்தில் குறுக்கே அறுத்தால், ரம்பம் தின்னும் அளவு போகப் பத்துப் பலகைகள் கிடைக்கும். ஐந்து படிக்கு, மீதி ஐந்தைத் தாங்கல்களுக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கச் சட்டங்களோடு நிறுத்திவிடாமல் நடுவிலும் ஒரு சட்டம் கொடுங்கள். தாங்கலுக்குத் தாங்கல் உள்ள தூரம் பாதியானால், அதே பொம்மை தரும் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒவ்வொரு படியின் முன்விளிம்புக்கு அடியிலும் ஒன்றரை அங்குல ரீப்பர் (ஒடுக்கமான மரச்சட்டம்) ஒன்றைப் பசை வைத்துத் திருகினால், கும்பகர்ணன் பொம்மையைப் படுக்க வைத்தாலும் அசையாது.

படிகளைச் சட்டத்தோடு ஆணியடித்துவிடாதீர்கள். போல்ட்டும் காதுள்ள நட்டும் போட்டால் விஜயதசமி முடிந்தபின் பிள்ளைகளே கழற்றிப் பரணில் அடுக்குவார்கள். காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மகாளய அமாவாசைக்குள் படி தயாராக இருக்க வேண்டுமென்பதால், காலாண்டு விடுமுறை வந்தபிறகு ரம்பத்தை எடுத்தால் பிந்திவிடும். நவராத்திரிக்கு ஏறக்குறைய நான்கு வாரம் முன்னால் விநாயகர் சதுர்த்தி வருகிறது. அறுப்பு வேலையை அந்த விடுமுறையிலேயே முடித்துவிட்டு, உப்புத்தாள் தேய்ப்பதையும் வண்ணம் பூசுவதையும் பிள்ளைகளுக்கு விட்டுவையுங்கள்.

கடலூரிலிருந்து: அண்ணா, மே மாத விடுமுறையில் என் மகளின் படிப்பு மேசைக்குத் தேக்கில் ஓர் இழுப்பறை செய்தேன். அப்போது வழுக்கிக்கொண்டு போனது. ஐப்பசி மழை தொடங்கியதும் சிக்கிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்கிறது. என் வேலையில் எங்கே பிழை?

உங்கள் கையில் பிழை இல்லை. இடைவெளி விடும்போது மழைக்காலத்தை நினைக்காததுதான் பிழை. மரம் காற்றின் ஈரத்தை வாங்கி உப்பும், வறண்டால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் மிகமிகக் குறைவு. அகலவாக்கில்தான் எல்லாம் நடக்கிறது. வருட வளையங்களை ஒட்டிய திசையில் உண்டாகும் அசைவு, மரத்தின் நடுவிலிருந்து வெளியே செல்லும் திசையில் உள்ளதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பச்சைத் தேக்கு முற்றும் உலரும்வரை முதல் திசையில் 5.8 சதவீதமும் இரண்டாவது திசையில் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. அசைவு குறைந்த மரம் என்று தேக்கைக் கொண்டாடுகிறோம்; அதற்கே இந்தக் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் 8 சதவீத ஈரத்தோடு இருந்த பலகை மழைக்காலத்தில் 14 சதவீதத்துக்கு ஏறினால், ஆறு அங்குல உயரமுள்ள உங்கள் இழுப்பறை முகப்பு ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் வரை வளர்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் சந்து விட்டவருக்கு அது திறக்காது.

இப்போதே இழைத்துவிடாதீர்கள். இழைத்தால் பங்குனியில் இழுப்பறை லொடலொடவென்று ஆடும். தை பிறக்கும்வரை பொறுத்திருங்கள். தானாகவே வெளியே வரும். பிறகு மேல்விளிம்பை மட்டும் ஓரிரு சீவல் எடுத்து, உள்ளும் புறமும் பாலிஷ் போட்டு, ஓடும் விளிம்புகளில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். இனிக் கோடையில் செய்யும் எதற்கும் அகலவாக்கில் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் சந்து விடுங்கள். “நன்றாக உலர்ந்த மரம்” என்று மரவாடியில் சொன்னதை நம்பி நான் செய்த அலமாரிக் கதவு மூன்றே மாதத்தில் முறுக்கிக்கொண்டது. அன்றுமுதல் எந்தப் பலகையையும் குறைந்தது மூன்று வாரமாவது, வேலை செய்யும் அறையிலேயே காற்றோட்டமாக அடுக்கி வைத்த பிறகுதான் தொடுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து: எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பேரப்பிள்ளைகள் முழு ஆண்டு விடுமுறைக்கு வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து என்ன செய்யலாம்?

பல்லாங்குழி செய்யுங்கள். மா, வேம்பு, ரப்பர் மரம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில், 18 அங்குல நீளமும் ஆறு அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குலக் கனமும் உள்ள பலகை ஒன்று போதும். வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். அளந்து கோடு போடுவதை எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள்; மூலைமட்டத்தின் அருமை அந்த வயதிலேயே கைக்குத் தெரிந்துவிடும். அலமாரிக் கதவுகளில் கீல் பதிக்கத் தச்சர்கள் வைத்திருக்கும் 35 மி.மீ. பிட்டைக் கொண்டு நீங்கள் 15 மி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டுக் கொடுத்தால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை குழிவுளியால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் செதுக்கி வட்டக்குழியாக்கலாம். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே உளி கையில் ஏற வேண்டும். இரண்டு கைகளும் உளியின்மேல் இருந்தால், வெட்டுப்பட எதிரே கை இருக்காது. இது நான் ஒருபோதும் தளர்த்தாத விதி.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை ஆட்டத்துக்குக் கொடுக்காதீர்கள். அதனுள் இருக்கும் ஆப்ரின் கொடிய நஞ்சு, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டையோ சோழியோ போதும்.

ஈரோட்டிலிருந்து: தம்பி, பேத்திக்கு நடைவண்டி செய்து முடித்துவிட்டேன். என்ன பெயின்ட் அடிக்கலாம்?

குழந்தை கைப்பிடியைக் கட்டாயம் கடித்துப் பார்க்கும், அம்மா. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.மை (பத்து லட்சம் பங்கில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே வீட்டில் கிடக்கும் பழைய டப்பாவைத் திறக்கவே வேண்டாம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பழந்துணியால் மூன்று நான்கு முறை பூசி, நன்றாகக் காயவிடுங்கள். கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைகளின் பளபளப்பும் வெட்பாலை மரத்தின்மேல் ஏற்றிய அரக்குதான்.

கோயம்புத்தூரிலிருந்து: பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும் முன், சாப்பாட்டு மேசைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம் என்றிருக்கிறேன். பூசிய துணிகளை மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்துவிட்டுப் போகலாமா?

வேண்டவே வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் காய்வது என்பது நீர் ஆவியாவது போன்றதன்று. அது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது வெப்பம் பிறக்கிறது. விரித்துப் போட்ட துணியிலிருந்து அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் சூடு உள்ளேயே சேர்ந்துகொண்டு, நெருப்பு வைக்காமலே தீப்பற்றும். பக்கத்தில் மரத்தூளும் இருந்தால் நீங்கள் திரும்பி வரும்போது பட்டறை இருக்காது. துணிகளைக் கொடியில் தனித்தனியாக விரித்து விறைப்பாகும்வரை காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். புறப்படும் நாளில் எண்ணெய் பூசாமல், திரும்பி வந்து பூசுவதே உத்தமம்.

சென்னையிலிருந்து: அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் வேலை செய்கிறேன். தூசியும் சத்தமும்தான் பிரச்சினை.

மின்ரம்பத்தைக் குறைத்து இழைப்புளியையும் கைரம்பத்தையும் கூட்டுங்கள். இரண்டுக்கும் அதுவே தீர்வு. இழைப்புளி தருவது சுருள் சீவல், அது மூச்சில் போகாது. உப்புத்தாளின் நுண்தூள்தான் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. என்95 முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள்.

திருச்சியிலிருந்து: என் கணவர் விடுமுறை முழுவதும் மொட்டைமாடிக் கொட்டகையிலேயே கழிக்கிறார். வெளியூர் போகலாம் என்றால் முகம் வாடுகிறது. அவருக்கும் பிடித்து, எங்களுக்கும் பிடித்த இடம் ஏதாவது உண்டா?

உங்கள் வருத்தம் நியாயமானது, சகோதரி. என் வீட்டிலும் அதே குறை இருந்தது. இரண்டு பயணங்கள் அதைத் தீர்த்தன. முதலாவது, கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூர் மன்னர்களின் மர அரண்மனை அது. முகப்பு மண்டபத்தின் மேற்கூரை நிறையச் செதுக்கிய பூக்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அவர் நிற்கட்டும். பிள்ளைகளுக்குச் சுற்றி ஓட முற்றங்கள் இருக்கின்றன. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறக்காதீர்கள். இரண்டாவது, ஆனைமலையில் உள்ள டாப்சிலிப். வெட்டிய தேக்குக் கட்டைகளை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்பதால் வந்த பெயர் அது. வெட்டி அழிந்த காட்டில் மீண்டும் தேக்கை வளர்த்த ஹியூகோ உட் என்ற வன அதிகாரியின் கல்லறை, அந்த மரங்களின் நடுவிலேயே இருக்கிறது. அங்கே போய் வந்தபிறகு, ஒரு துண்டுத் தேக்கைக்கூடக் குப்பையில் போட எனக்கு மனம் வந்ததில்லை.

சேலத்திலிருந்து: ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜைக்குப் பிறகு என் உளிகளில் வட்டவட்டமாகத் துரு பிடிக்கிறது. ஏன்?

அந்த வட்டங்கள் நீங்கள் வைத்த சந்தனப் பொட்டுகள். குழைத்த சந்தனத்தில் இருக்கும் தண்ணீர், குங்குமத்தோடு சேர்ந்து, ஓர் இரவும் பகலும் இரும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மழை ஈரமும் அந்த மாதத்தில் கூடுகிறது. பொட்டை மரப்பிடியில் வையுங்கள். பூஜைக்கு முதல்நாளே அலகுகளைச் சாணைக்கல்லில் தீட்டித் துடைத்து, இயந்திர எண்ணெயை மெல்லியதாகப் பூசிவிட்டால் இரும்புக்குக் காப்பாகும். விஜயதசமியன்று காலையில் நான் முதலில் செய்வது, கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து உலர்ந்த துணியால் துடைப்பதுதான். பிறகு ஒரு துண்டுப் பலகையில் பிள்ளைகள் ஆளுக்கொரு சீவல் இழைத்துவிட்டுப் போவார்கள்.