கேள்வி – பதில்: உள்நாட்டுப் போரில் ஒரு முப்பாட்டனார்

எங்கள் மருமகள் அமெரிக்கப் பெண். அவளுடைய முப்பாட்டனார் அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் (1861–65) வடக்குப் படையில் இருந்தாராம். பெயரும், ஒஹாயோக்காரர் என்பதும்தான் தெரியும். எங்கே தேடுவது?
– வாசகி, கோவை

முதலில் அவர் இருந்த ரெஜிமென்ட்டை (படைப்பிரிவை) பிடியுங்கள். வெறும் பெயரை வைத்துத் தேடினால் அதே பெயரில் இருபது பேர் வந்து நிற்பார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் சிப்பாய்ப் பட்டியல் இலவசம். அதில் சுமார் 63 லட்சம் பதிவுகள் உண்டு. அத்தனை பேர் போரிடவில்லை. ரெஜிமென்ட் மாறியவருக்கும், பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டவருக்கும் தனித்தனிப் பதிவு. ஆகவே எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் ஊர்க்காரர்கள் ஒரே கம்பெனியில்தான் (ரெஜிமென்ட்டின் உட்பிரிவு) சேர்ந்தார்கள். கம்பெனி திரட்டப்பட்ட வட்டாரமும், 1860 கணக்கெடுப்பில் அவர் குடியிருந்த இடமும் ஒத்துவந்தால் ஆள் அவரேதான் என்று ஓரளவு நம்பலாம்.

அடுத்து தேசிய ஆவணக் காப்பகம். பணிப்பதிவுக்குப் படிவம் 86, பென்ஷன் கோப்புக்குப் படிவம் 85. பலர் பணிப்பதிவை மட்டும் வாங்கி ஏமாந்துபோகிறார்கள். அதில் சேர்ந்த நாள், வயது, வருகைக் குறிப்பு, காயம் என்று இருக்குமே தவிர குடும்பத்தைப் பற்றி அநேகமாக ஒன்றும் இராது. குடும்ப விவரமெல்லாம் பென்ஷன் கோப்பில். விதவை மனுச் செய்திருந்தால் திருமணச் சான்று, பிள்ளைகள் பிறந்த தேதி, அக்கம்பக்கத்தாரின் சத்திய வாக்குமூலம், சில சமயம் குடும்ப பைபிளிலிருந்து கிழித்துக் கொடுத்த பக்கம்கூட உள்ளே இருக்கும். முழு பென்ஷன் கோப்புக்குக் கட்டணம் 100 பக்கம் வரை 80 டாலர். அனுப்புமுன் இன்றைய கட்டணத்தைச் சரிபாருங்கள். தேர்ந்தெடுத்த சில தாள்கள் மட்டும் தரும் மலிவு வகையை வாங்காமல், முழுக் கோப்பையே கேளுங்கள்.

தெற்குப் படைக்காரர் என்றால்?
– வாசகர், மதுரை

பணிப்பதிவு அதே காப்பகத்தில் உண்டு. பென்ஷன் கோப்பு அங்கே கிடையாது, தோற்ற தரப்புக்கு மத்திய அரசு கொடுக்கவில்லை, தென் மாநிலங்களே பின்னாளில் கொடுத்தன. இங்கேதான் பலர் தடுக்கிவிழுகிறார்கள்: போரிட்ட மாநிலத்தில் தேடுகிறார்கள். மனுப் போட்டபோது எங்கே குடியிருந்தாரோ அந்த மாநிலத்தில் தேட வேண்டும். ஜார்ஜியாப் படையில் இருந்துவிட்டு டெக்சாஸில் குடியேறியவரின் கோப்பு டெக்சாஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கும்.

எந்தப் பக்கம் என்பதே தெரியாவிட்டால், 1910 கணக்கெடுப்பில் 30-ஆம் நெடுவரிசையைப் பாருங்கள். ‘யூ.ஏ.’ வடக்குத் தரைப்படை, ‘சி.ஏ.’ தெற்கு. அந்த ஆண்டு உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் இது உதவும்.

ஒரே ஆள் இரண்டு படையிலும் இருந்திருக்க முடியுமா?
– வாசகர், திருச்சி

முடியும். வட கரோலினாக்காரர் ஒருவர் தெற்குப் படையை விட்டோடி வடக்கில் சேர்ந்தார். அந்த வடக்குச் சேவைக்காக அவருடைய மகளுக்கு, அந்த மகள் 2020-இல் இறக்கும்வரை, மாதம் 73.13 டாலர் பென்ஷன் வந்தது.