பதினைந்து நிமிடமும் ஒரு பழைய செய்தித்தாளும்

கேள்வி: சிங்கப்பூரின் பொங்கோலில் வசிக்கிறேன். மகனுக்கு 5 வயது, மகளுக்கு இரண்டரை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும். மகனின் பாலர் பள்ளியில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பழைய பொருள்களில் தீபாவளி விளக்கு ஒன்று செய்து வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கைவேலை வராது. கடைத்தொகுதியில் மேசை போட்டிருந்த ஒருவர், மாதம் ஒரு கைவேலைப் பெட்டி வீதம் ஓராண்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார். பன்னிரண்டு மாதப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும், இந்த விலை இந்த வாரம் மட்டும்தான் என்கிறார். வாங்கலாமா? வீட்டில் இருப்பதை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: பெட்டி வேண்டாம். அவர் உங்களுக்கு ஒரு வாரம்தான் கெடு வைத்திருக்கிறார் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

22 ஆண்டுகளாகப் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித்தருகிறேன். இப்படிப்பட்ட பெட்டிகளைப் பெற்றோர் என்னிடம் எடுத்துவந்து காட்டுவார்கள். திறந்து பார்த்தால் வெட்டிவைத்த யானை, துளை போட்டுவைத்த காது, பின்பக்கம் பசை தடவிய கண், எதை எங்கே ஒட்டுவது என்று எண் போட்ட ஒரு தாள். பிள்ளை செய்ய வேண்டிய வேலையைத் தொழிற்சாலையே செய்து முடித்துவிட்டது. மிச்சம் இருப்பது உரித்து ஒட்டுவது மட்டும். ஐந்து வயதுக் கைக்கு அது ஐந்து நிமிட வேலை. அப்புறம் அந்த யானை தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் தூசி படிந்து நிற்கும்.

அந்த வயதில் கை பழக வேண்டியது கிழிப்பதில், மடிப்பதில், நசுக்குவதில், தடவுவதில். அதற்குச் செய்தித்தாள் போதும். வீட்டில் வாங்குவதில்லை என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கட்டாயம் ஒரு கட்டு இருக்கும்.

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். செய்தித்தாளில் ஒரு பக்கத்தை மகனிடம் கொடுத்து, மேலிருந்து கீழாகக் கிழிக்கச் சொல்லுங்கள். கோடு போட்டதுபோல நேராகக் கிழிந்து வரும். அடுத்து, அதே தாளை இடமிருந்து வலமாகக் கிழிக்கச் சொல்லுங்கள். கோணல்மாணலாகப் போகும், எவ்வளவு கவனமாக இழுத்தாலும் நேராக வராது. காகிதம் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுகின்றன. நாரோடு போனால் நேர், நாரைக் குறுக்கே வெட்டினால் கோணல். இதை நீங்கள் விளக்க வேண்டாம். “ஏன்மா இது மட்டும் இப்படி?” என்று அவனே கேட்பான். அதுவரைக்கும் காத்திருங்கள். இரண்டு கையும் எதிரெதிர்த் திசையில் இழுக்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கத்தரிக்கோலுக்கும் பென்சிலுக்கும் கை தயாராவது இப்படித்தான்.

சரி, விளக்குக்கு வருவோம்.

பசையை நீங்கள் காய்ச்ச வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மொத்தம் ஒரு கப் தண்ணீர் வருமாறு சேர்த்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். சோறு வேகும் நேரத்திலேயே முடிந்துவிடும். கெட்டியாகி, வெள்ளை போய்க் கொஞ்சம் பளபளப்பு வந்ததும் இறக்கி நன்றாக ஆறவிடுங்கள். தமிழ்நாட்டில் காலங்காலமாகச் சுவரொட்டி ஒட்டிய பசை இதுதான். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் இருக்கும். காய்ச்சாமல் பச்சை மாவைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். பச்சை மாவில் கிருமி இருக்கலாம், பிள்ளைகள் விரலை நக்குவார்கள். இன்னொன்று. ஊரிலிருந்து பாட்டி யாராவது வந்திருந்தால், பூச்சி வராமல் இருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் (செப்பு சல்பேட்) போடச் சொல்லக்கூடும். புத்தகம் கட்டுகிறவர்கள் அப்படிப் போடுவது வழக்கம்தான். ஆனால் அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் வேண்டவே வேண்டாம்.

ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, வெளிப்பக்கம் எண்ணெய் தடவுங்கள். மகன் கிழித்த துண்டுகளைப் பசையில் தோய்த்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அவனே ஒட்டட்டும். ஒரு நாளைக்கு இரண்டு அடுக்கு, அதற்கு மேல் வேண்டாம். சிங்கப்பூர்க் காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். இணையக் காணொளியில் காட்டுவதுபோல ஒரே மூச்சில் ஆறு அடுக்கு ஒட்டினால், வெளியே காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே பூஞ்சை பிடிக்கும். இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். மறுநாள் இன்னும் இரண்டு அடுக்கு. காய்ந்ததும் கிண்ணத்திலிருந்து மெல்லத் திருகினால் கழன்று வந்துவிடும். விளிம்பை ஒரு பக்கம் கிள்ளி அழுத்தினால் அகலின் மூக்கு. பழைய தீபாவளி அன்பளிப்பு உறைகளைக் கிழித்து மேலே ஒட்டினால் வண்ணமும் ஆயிற்று. சுடருக்கு ஒரு மஞ்சள் தாள், அதையும் அவனே கிழிக்கட்டும்.

ஒவ்வொரு நாளும் பதினைந்து நிமிடம். அதற்குமேல் இழுக்காதீர்கள். பாதியில் நின்றால் நிற்கட்டும், மறுநாள் அவனே வந்து கேட்பான். வேலை நடக்கும்போது தமிழில் பேசுங்கள்: கிழி, தோய், தடவு, அழுத்து, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். கை வேலையில் இருக்கும்போது பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவுவது குறைகிறது. வகுப்பில் வருடா வருடம் பார்க்கிறேன்.

இனி உங்கள் மகள். இதில் நீங்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்ன எதுவும் இரண்டரை வயதுக்கு அப்படியே பொருந்தாது, இருவரும் ஒரே மேசையில்தான் உட்காரப் போகிறார்கள்.

கழிவறைத் தாள் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழலை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் இருக்கும் பொருள் அந்தக் குழலுக்குள் போகிறதா? போனால், மகள் இருக்கும்போது அது மேசையில் இருக்கக்கூடாது. பொம்மைகளைச் சோதிக்கும் உருளை இதைவிடக் குறுகல், சுமார் 3.2 செண்டிமீட்டர், குழல் அதைவிட அகலம் என்பதால் நமக்குக் கூடுதல் பாதுகாப்பு. பாலர் பள்ளிகளில் மிகப் பிரபலமான பருப்பு ஒட்டும் வேலை இந்தச் சோதனையில் தோற்றுவிடும். கொண்டைக்கடலையை மூக்கில் போட்டுக்கொண்டால், ஈரத்தில் ஊறிப் பெருத்து, வெளியே எடுப்பது பெரும்பாடு. தண்ணீரில் ஊறிப் பெருகும் ஜெல்லி மணிகள் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. வயிற்றுக்குள் போனால் அங்கேயும் பெருகும், குடலை அடைக்கும்.

ஆனால் தீபாவளி நேரத்தில் எனக்குத் தூக்கம் வராமல் செய்வது மின்அகல். விளக்குச் செய்யச் சொன்னால் பத்தில் எட்டுப் பெற்றோர் உள்ளே வைக்க அந்தச் சின்னப் பிளாஸ்டிக் விளக்கை வாங்குகிறார்கள். பலவற்றின் அடியில் இருப்பது காசு வடிவப் பொத்தான் பேட்டரி. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். “மூடிக்குத் திருகாணி போட்டிருக்கிறதே” என்பார்கள். திருகாணி போட்டது பரவாயில்லை, ஆனால் கீழே விழுந்து மூடி விரிந்தால் அந்தத் திருகாணியால் பயன் இல்லை. “பேட்டரி செத்துவிட்டது” என்பார்கள். விளக்கு எரியாத அளவுக்குத் தீர்ந்த பேட்டரியிலும் திசுவை அரிக்கும் அளவு மின்சாரம் மிச்சம் இருக்கும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும் இதே பேட்டரிதான். தீர்ந்ததை இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி உயரத்தில் வையுங்கள், குப்பைக்கூடையில் அப்படியே போடாதீர்கள். மகள் ஒன்றை விழுங்கியிருப்பாளோ, மூக்கில் போட்டிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே போதும். அழுகிறாளா, வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நேராகக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அது 24 மணி நேரமும் திறந்திருக்கும். அல்லது 995ஐ அழைத்து அவசர மருத்துவ வாகனத்தை வரவழையுங்கள். இதற்காகத்தான் உங்கள் விளக்குக்குக் காகிதச் சுடர் சொன்னேன்.

அப்படியானால் மகளுக்கு என்ன வேலை? ஒரு முழுத் தாளைக் கொடுத்து உருண்டையாக நசுக்கச் சொல்லுங்கள். அவளுடைய முஷ்டியைவிடப் பெரிய உருண்டை. அண்ணன் ஒட்டி முடிக்கும்வரை அவளுக்கு அது போதும்.

இப்போது பள்ளிக்கு வருகிறேன். “பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து” என்று சுற்றறிக்கை எழுதுகிறவர்களிடம் நான் பலமுறை சொல்லியாயிற்று. ஏழரைக்கு வீடு திரும்புகிற குடும்பத்தில், பிள்ளை தூங்கிய பிறகு இரவு பதினொரு மணிக்கு அம்மா தனியாக உட்கார்ந்து செய்வதுதான் அந்த வேலை. ஒருமுறை ஒரு பள்ளியில் காட்சிக்கு வைத்திருந்த விளக்குகளுக்கு முன்னால் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். உன்னுடையது எது என்று கேட்டேன். வரிசையை இரண்டு தடவை பார்த்தான், பெயரட்டைகளை எழுத்துக்கூட்டிப் படித்தான், அப்புறம்தான் கை காட்டினான். அவன் அதைத் தொட்டதே இல்லை. மறுபயனீட்டுப் பொருளில் செய்ய வேண்டும் என்ற விதிக்காகப் புத்தம்புது அட்டைக் குழல்களைக் கட்டாக விலைக்கு வாங்கும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மூன்று நாள் அவகாசம் கொடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போடுகிற முறையின்மேல்தான் கோபம். கிழிக்கவும் ஒட்டவும் வகுப்பிலேயே அரை மணி ஒதுக்கினால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம்.

உங்கள் மகனின் விளக்கு கோணலாகத்தான் இருக்கும். திருத்தாதீர்கள். ஆசிரியர் கேட்டால் பசை காய்ச்சியது நான், மற்றதெல்லாம் அவன் என்று உள்ளபடி சொல்லுங்கள்.

கடைசியாக அந்த மேசைக்காரர். இலவச பலூன் கொடுத்துப் பிள்ளையை நிறுத்துவார்கள். பிள்ளை நின்றால் நீங்களும் நின்றுதானே ஆக வேண்டும். பிறகு ஐந்து நிமிடத்தில் ஏதோ சோதனை வைத்து, “கைத்திறன் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது” என்பார்கள். ஐந்து நிமிடத்தில், கடைத்தொகுதி இரைச்சலில், முன்பின் தெரியாத ஒருவர் அப்படி எதையும் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சொல்லுக்குப் பயந்து கையெழுத்துப் போட்ட பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். இரண்டாம் மாதத்தோடு பெட்டி நின்றுபோய், தொலைபேசியையும் யாரும் எடுக்காமல் போன கதையும் உண்டு.

சட்டத்தில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அழைக்காமல் உங்கள் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வந்து விற்றால், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய உங்களுக்கு உரிமை உண்டு. கடைத்தொகுதி மேசையில் கையெழுத்துப் போட்டால் அந்த உரிமை பொதுவாக உங்களுக்குக் கிடையாது. பணம் கட்டிய பிறகு தகராறு வந்தால் பயனீட்டாளர் சங்கமும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றமும் இருக்கின்றன. ஆனால் ஒரு பெட்டிப் பணத்துக்காக விடுப்பெடுத்து அங்கே போய் உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது? அதை நன்றாகத் தெரிந்துவைத்துத்தான் முழுப் பணத்தையும் முன்னால் கேட்கிறார்கள். மாதாமாதம் கட்டி, விரும்பியபோது நிறுத்த முடியாத எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

விளக்கு வெள்ளிக்கிழமை காலை போக வேண்டுமானால், திங்கள் இரவு கிழித்து முதல் இரண்டு அடுக்கு, செவ்வாய் அடுத்த இரண்டு, புதன் முழுதும் காயட்டும், வியாழன் வண்ணமும் சுடரும். பசை வியாழன் வரை தாங்காது, அன்று கரண்டி அளவு புதிதாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.