வெள்ளம் வருகிற ஊரில் வீட்டுக் காப்புறுதிக் கட்டணம் எவ்வளவு ஏறும்?

கேள்வி: "ஜொகூரில் லாபிஸ் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் பழைய தரைவீடு வாங்கப் போகிறேன். அங்கே வெள்ளமும் புயல்காற்றும் வரும் என்கிறார்கள். அதனால் வீட்டுக் காப்புறுதிக் கட்டணம் ரொம்ப ஏறுமா?"

நான் இந்தப் பக்கத்து ஆள்தான், சுற்றி எங்கு பார்த்தாலும் செம்பனை. நேராகவே சொல்கிறேன், நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கட்டணம் ஏறாது. நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு.

இணையத்தில் நாம் படிக்கிறதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கக் கதை. புளோரிடாவில் ஒரு புயல் அடித்தால் அடுத்த பில்லிலேயே தெரியும், கலிபோர்னியாவில் காட்டுத்தீக்குப் பயந்து 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் புதிதாக வீட்டுக் காப்புறுதி கொடுப்பதையே நிறுத்தியது. நம் மலேசியாவில் தீக் காப்புறுதிக்கு ரொம்ப காலமாக எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக ஒரே கட்டண அட்டவணை, தாரிஃப் என்பார்கள். வெள்ளத்துக்கும் அதில் ஒரே விகிதம்தான். மேட்டில் இருக்கிற வீடா ஆற்றோரத்து வீடா என்று அது பார்ப்பதில்லை. 2016 ஜூலையிலிருந்து நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா இந்தக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வருகிறது, அதனால் ஆற்றோரத்துக்காரர்களுக்கு இனிமேல் விலை வேறு மாதிரி போகலாம் என்பது என் கணிப்பு.

இன்னொரு பக்கமிருந்தும் விலைக்கு அழுத்தம் வருகிறது. நம்மிடம் பணம் வாங்குகிற கம்பெனி, பெரிய பேரிடருக்குப் பயந்து தானும் வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகளிடம் காப்புறுதி எடுத்து வைக்கிறது, அதுதான் மறுகாப்புறுதி. 2022 செப்டம்பரில் இயன் புயல் புளோரிடாவைப் புரட்டிப்போட்டது, 2023 ஜனவரியில் ஒப்பந்தங்களைப் புதுப்பித்தபோது உலகம் முழுக்க அந்த விலை ஏறியது. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா கூரை மட்டம் வரை மூழ்கியதே, அந்த வெள்ளத்தின் மொத்த இழப்பைப் புள்ளிவிவரத் துறை 6.1 பில்லியன் வெள்ளி என்று கணக்கிட்டது. இவ்வளவும் ஆன பிறகு எந்தக் கம்பெனியும் பழைய மாதிரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடாது. கட்டணத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாதபோது என்ன செய்வார்கள்? அடிக்கடி மூழ்கும் இடம் என்று தெரிந்தால் வெள்ளத்தைச் சேர்க்கத் தயங்குவார்கள், அல்லது முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகையைக் கூட்டிவிடுவார்கள். பில்லில் பெரிய மாற்றம் தெரியாது, பாலிசிக்குள்ளே ஓட்டை விழுந்திருக்கும்.

அதனால் பிரீமியத்தை விட்டுவிட்டு முதலில் எந்தப் பாலிசி என்று பாருங்கள். வெறும் ஃபயர் பாலிசி என்றால் தீ, மின்னல், வீட்டு கேஸ் வெடிப்பு, அவ்வளவுதான். வெள்ளம் வேண்டும் என்றால் தனியாகச் சேர்க்க வேண்டும். ஹவுஸ் ஓனர் பாலிசியில் வெள்ளம், புயல்காற்று, நிலநடுக்கம் எல்லாம் பொதுவாகவே உள்ளே இருக்கும், ஆனால் அது கட்டடத்துக்கு மட்டும். ஃபிரிட்ஜ், மெத்தை, டிவிக்கு ஹவுஸ் ஹோல்டர் என்று தனி. மண் சரிவும் தரை இறங்குவதும் வழக்கமாக எதிலும் சேராது, மேட்டு ஓரத்து வீடு என்றால் கேட்டுச் சேருங்கள். கடன் வாங்கும்போது பேங்கில் எம்ஆர்டிஏ என்று ஒன்று போட்டுக் கொடுப்பார்கள், அதை வீட்டுக் காப்புறுதி என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அது கடன்காரர் இறந்தாலோ முழுதாக முடங்கினாலோ கடனை அடைக்கிற ஆயுள் காப்புறுதி. வெள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது காப்புறுதித் தொகை. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 2023 மார்ச் வெள்ளத்தில் லாபிஸ் சேர்ந்த நம் சிகாமட் வட்டாரமே தண்ணீரில் நின்றது, எங்கள் வரிசை வீடுகளிலும் நுழைந்தது. தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வீட்டுக்குச் சேதத்தை மதிப்பிடுகிற எட்ஜஸ்டர் வந்தார், நம் தமிழ்ப் பையன்தான். ஹாலில் சுவிட்சுக்குக் கீழே சேற்றுக்கோடு கோடாகத் தெரிந்தது, அதில் டேப்பை வைத்து அளந்தார். ஊறி உப்பிப்போன கேபினெட் பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு, "ஆண்ட்டி, பின்னாடி சமையலறையை எப்ப இழுத்துக் கட்டினீங்க? பாலிசியில இது இல்லையே" என்றார். அக்கா முகம் விழுந்துவிட்டது. வீடு வாங்கியபோது பேங்க் போட்ட தொகைதான் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு சமையலறை நீண்டது, முன்னால் கார் போர்ச் வந்தது, சிமெண்டு விலையும் கூலியும் எங்கேயோ போய்விட்டன.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டை இன்று திரும்பக் கட்ட 300,000 வெள்ளி ஆகும், நீங்கள் 150,000க்குத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 40,000 வெள்ளி சேதமானால் கையில் வருவது 20,000, பாதிக்குத்தானே காப்புறுதி எடுத்தீர்கள் என்பார்கள். அதிலும் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகையைக் கழிப்பார்கள். மொத்தச் சேதமே 150,000க்குக் குறைவுதானே என்று வாதாடிப் பயனில்லை. அதனால் வீட்டின் சந்தை விலையையோ கடன் பாக்கியையோ வைத்துத் தொகை போடாதீர்கள். நிலத்துக்குக் காப்புறுதி தேவையில்லை. இடித்துவிட்டுத் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்று நம்ம ஊர் கொந்ராக்டர் ஒருவரைக் கேளுங்கள், இழுத்துக் கட்டியதையும் சேர்த்து. தொகை கூடினால் கட்டணமும் கூடும், உண்மைதான். அந்தக் கூடுதல் காசைக் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். சேவை வரி வேறு 2024 மார்ச்சில் 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது, பில் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம், புயல் மேல் மட்டும் பழி போட வேண்டாம்.

காற்றைப் பற்றியும் கேட்டீர்கள். இங்கே மத்தியானம் கருத்துக்கொண்டு வரும் காற்று கார் போர்ச் தகரத்தைக் கழற்றி அடுத்த வீட்டுக் கூரையில் போட்டுவிடும். அதற்குப் புயல்காற்றுப் பிரிவில் கேட்கலாம், அந்தத் தகரக் கூரையும் பாலிசியில் அடங்குகிறதா என்று முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஓட்டு இடுக்கில் வருஷக்கணக்காக ஒழுகுகிற மழைக்குக் காசு வராது, அது பராமரிப்புச் செலவு. கார் மூழ்கினால் அது வாகனக் காப்புறுதியில் தனியாகச் சேர்க்கிற விஷயம். பலகை வீடாக இருந்தால் கல் வீட்டைவிடக் கட்டணம் அதிகம். தோட்டத்து லயத்தில் இன்னும் இருக்கிற சொந்தக்காரர்கள் இருந்தால், கட்டடம் கம்பெனியுடையது, சாமான்களுக்கு மட்டும் ஹவுஸ் ஹோல்டர் எடுக்கலாம் என்று அவர்களிடமும் சொல்லிவையுங்கள். வெள்ளத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற இஹ்சான் உதவி குடும்பத்துக்கு 1,000 வெள்ளி, ஒரு ஃபிரிட்ஜுக்கே சரியாகப் போய்விடும்.

நிலநடுக்கம் இங்கே எதற்கு என்று முன்பெல்லாம் சிரிப்போம். 2025 ஆகஸ்ட் 24 விடியற்காலையில் சிகாமட்டில் 4.1 அளவில் ஆடியதே. அதனால் பழைய வீடு வாங்குவதற்கு முன் சுவர் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், பிறகு எது பழையது எது புதியது என்ற சண்டை வராது. பாலிசியை நவம்பருக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆறு ஏறிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் எந்த ஏஜென்டும் எடுக்க மாட்டார்.