முடக்குவாதத்துக்குக் கதிர்வீச்சு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வேலூர், குடியாத்தம், ஆரணி பக்கம் முடக்குவாதத்தோடு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய், சுருக்கமாக ஆர்.ஏ.) வாழ்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் டாக்டர் இல்லை. அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மருந்தையும் ஆரம்பிக்கவோ நிறுத்தவோ நான் சொல்ல மாட்டேன்.

பீடி சுற்றும் வேலை, ஐயா. மாத்திரையில் மற்ற மூட்டெல்லாம் அடங்கிவிட்டது. வலது முழங்கால் மட்டும் வீங்கியே இருக்கிறது. முழங்காலுக்குள்ளேயே கதிர்வீச்சு மருந்தை ஊசியாகப் போடுவார்களாமே? (குடியாத்தம்)

உண்மைதான் அம்மா. ரேடியோ சைனோவெக்டமி என்று பெயர். புதிதும் இல்லை, 1952லேயே வியன்னாவில் கதிரியக்கத் தங்கத்தை வைத்துச் செய்து பார்த்தார்கள். இப்போது முழங்காலுக்கு இட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருள்.

ஆர்.ஏ.வில் மூட்டின் உள்சவ்வு தடித்து, நீர் சுரந்து, பக்கத்து எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்கும். இட்ரியத்தை மிக நுண்ணிய துகள்களாக மூட்டுக்குள் விட்டால் அந்தச் சவ்வின் செல்கள் அவற்றை விழுங்கிக்கொள்ளும். துகள்கள் பீட்டா கதிரை விடும். அது சதைக்குள் சராசரியாக மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் போகும், அதிகபட்சம் 11. அதனால் சவ்வு வெந்து சுருங்கும், மற்ற உறுப்புகளுக்குக் கதிர் பெரிதாக எட்டாது. 64 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும்.

செய்முறை இப்படி. முதலில் மூட்டு நீரை உறிஞ்சி எடுப்பார்கள். ஊசி மூட்டுக்குள்தான் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே மருந்து போகும். சிரிஞ்சைச் சுற்றி ஈயக் கவசம் இருக்காது, தடித்த அக்ரிலிக் உறைதான் இருக்கும். பீட்டா கதிர் ஈயத்தில் மோதினால் எக்ஸ்ரே பிறக்கும், அதற்காக. ஊசியை உருவும் முன் அதே வழியாக வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து கொஞ்சம் விடுவார்கள். ஊசி வெளியே வரும் வழியில் இட்ரியம் ஒரு துளி சிந்தினால்கூடத் தோல் புண்ணாகிவிடும். அப்புறம் இரண்டு மூன்று நாள் காலை மடக்காமல் கட்டிவைப்பார்கள். நடந்தால் துகள்கள் மூட்டை விட்டுக் கசிந்து நெறிகட்டும் இடங்களுக்குப் போகும். பலர் அலட்சியம் செய்வது இந்தக் கட்டைத்தான். பஸ்ஸில் வந்து பஸ்ஸிலேயே திரும்பும் திட்டம் இதற்கு ஒத்துவராது, தூக்கிவிட ஆள் வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும். 2005இல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு. ஒரு பகுதியினருக்கு இட்ரியமும் ஸ்டீராய்டும், மற்றவர்களுக்கு வெறும் ஸ்டீராய்டு. இட்ரியம் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே டாக்டர் முதலில் சாதாரண ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றால், உங்களுக்கு மட்டமான வைத்தியம் தருகிறார் என்று நினைக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் மூட்டில் சீழ் இருப்பவர்களுக்கும் இந்த ஊசி கூடாது.

அதே மருந்தை விரல் மூட்டிலும் போடலாமா? (பேரணாம்பட்டு)

இட்ரியம் கூடாது. விரலில் சதை எவ்வளவு இருக்கிறது? தோல் வெந்துவிடும். விரலுக்கு எர்பியம்-169, அதன் கதிர் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் போகும். தோள்பட்டை, மணிக்கட்டு, கணுக்கால் மாதிரி நடுத்தர மூட்டுகளுக்கு ரீனியம்-186. இவை ஐரோப்பாவில் புழங்குபவை. நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் இந்த வகைத் துகள் மருந்துகளை உருவாக்கியிருக்கிறது.

பிசியோவில் கை விரலுக்குக் கரண்ட் வைக்கிறார்கள். புற்றுநோய்க்காரர்களுக்கு வைக்கும் கரண்ட் இதுதானா, சார்? பயமாக இருக்கிறது. (சத்துவாச்சாரி)

இல்லை. புற்றுநோய்க்குக் கொடுப்பது கதிர்வீச்சு, அதைப் பேச்சில்தான் கரண்ட் என்கிறோம். பிசியோவில் வைப்பது நிஜ மின்சாரம், அதில் கதிர்வீச்சு கிடையாது. பயப்படாமல் போங்கள்.

உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்து ஆர்.ஏ.வை ஒரேயடியாக அடக்கலாம் என்று படித்தேன். அமெரிக்காவில் செய்தார்களாம். இங்கே ஏன் இல்லை? (காட்பாடி)

அங்கேயே இப்போது இல்லை தம்பி. அதற்கு டோட்டல் லிம்பாய்டு இர்ரேடியேஷன் என்று பெயர். உடம்பு முழுக்கவும் இல்லை: கழுத்து, அக்குள், நெஞ்சு, வயிறு, இடுப்பு என்று நிணநீர்க் கணுக்கள் உள்ள இடங்களுக்கு. ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை அது. ஆர்.ஏ.வில் நம் உடம்பின் காவல் செல்களே மூட்டைத் தாக்குகின்றன, அவற்றைக் குறைத்தால் என்ன என்பது யோசனை. 1981இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் முடிவுகள் வந்தன. ஸ்டான்ஃபோர்டில் கொடுத்த கதிரின் அளவு 20 கிரே, பழைய கணக்கில் 2000 ராட். எந்த மருந்துக்கும் அடங்காத ஒரு சிலருக்குத்தான் கொடுத்தார்கள். காலை விறைப்பும் வீக்கமும் நன்றாகவே குறைந்தன.

சிக்கல் அப்புறம்தான். குறைந்த காவல் செல்கள் வருஷக்கணக்கில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தொற்றுகள் வந்தன, வாய் வறண்டது, சிலர் இறந்தும் போனார்கள். அதற்குள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வந்துவிட்டது. 1988இல் அமெரிக்கா அதை ஆர்.ஏ.வுக்கு அனுமதித்தது, 1998இல் எடனர்செப்ட் ஊசி. மாத்திரையிலும் ஊசியிலும் அடங்குவதற்குக் கதிரை ஏவுவானேன் என்று விட்டுவிட்டார்கள். என் கருத்தும் அதுவே. நோய் உடம்பு முழுவதையும் சார்ந்தது, ஒரு மூட்டோடு நிற்காது. அதை ஒட்டுமொத்தமாக அடக்கும் அளவுக்குக் கதிர் கொடுத்தால் ஆளையும் சேர்த்துச் சாய்க்கும்.

மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வாரம் ஒரு நாள் மாத்திரை. வீட்டில் யாரும் தவறுதலாகத் தினமும் எடுத்துக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கதிர்வீச்சால் பிற்காலத்தில் புற்றுநோய் வராதா? (ஆம்பூர்)

எந்தக் கதிர், எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்தது. முதுகெலும்பு இறுகும் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோய்க்குப் பிரிட்டனில் 1930களிலிருந்து 50கள் வரை முதுகில் எக்ஸ்ரே சிகிச்சை கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை கோர்ட் பிரவுன், ரிச்சர்ட் டால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்து, ரத்தப் புற்றுநோய் கூடியிருப்பதாக 1957இல் அறிக்கை வெளியிட்டார்கள். முதுகெலும்புக்குள் எலும்பு மஜ்ஜை நிறைய இருக்கிறது, அதில் பட்டது. மூட்டு ஊசியில் அப்படியொரு தெளிவான கூடுதல் தெரியவில்லை. இருந்தாலும் இளம் வயதினருக்கு யோசித்துத்தான் செய்வார்கள்.

மணவாளக்குறிச்சி கருமணலில் படுத்தால் மூட்டுவலி போகுமாமே? (வாணியம்பாடி)

அந்த மணலில் மோனசைட் என்ற தாது உண்டு, மோனசைட்டில் கதிர் விடும் தோரியம் உண்டு, அதுவரை சரி. பிரேசிலில் குவராபாரி கடற்கரைக்கும் இதே நம்பிக்கையோடு போகிறார்கள். ஆஸ்திரியாவின் காஸ்டைன் சுரங்கத்தில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்காகப் படுத்துக் கிடக்கிறார்கள். சுடுமணல் இதமாக இருக்கும், அது வெறும் ஒத்தடம். ஆர்.ஏ. எலும்பை அரிப்பதை மணல் நிறுத்தாது. கடல் பார்க்கப் போங்கள், மாத்திரையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தறி நெய்கிற கை. விரலெல்லாம் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. ரேடியேஷன் கொடுத்தால் நிமிருமா? (ஆரணி)

நிமிராது ஐயா. கதிர் வீக்கத்தைத்தான் குறைக்கும். அரித்துப்போன எலும்பையும் விலகிப்போன தசைநாரையும் திரும்பக் கொண்டுவராது. நீங்கள் பார்க்க வேண்டியது கை அறுவை சிகிச்சைப் பிரிவை. அதற்கு வேலூரை விட்டு எங்கும் போக வேண்டாம்: தொழுநோயில் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையை 1940களின் கடைசியில் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் செய்து காட்டிய ஊர் இது. போகும்போது பழைய எக்ஸ்ரே படங்களை, முதல் வருஷத்தது உட்பட, எல்லாவற்றையும் கொண்டு போங்கள். கோணல் எவ்வளவு வேகமாகக் கூடியது என்று அவர்கள் அதில்தான் பார்ப்பார்கள்.