ஆங்கில வாக்கியம் சிம்பிளா, காம்பவுண்டா, காம்ப்ளெக்ஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் மூன்றுக்கும் விளக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டாராம். ஆனாலும் வாக்கியம் கொஞ்சம் நீண்டுவிட்டால் காம்ப்ளெக்ஸ் என்று எழுதி மார்க் போகிறதாம். மியன்மாரின் யாங்கூனில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், அவர்களும் முதலில் இங்கேதான் சறுக்குகிறார்கள். நீளத்தைப் பார்க்காதீர்கள். முற்றுவினையைத் தேடுங்கள்.

முற்றுவினை என்றால் காலம் காட்டி, எழுவாயோடு சேர்ந்து நிற்கும் வினை. 'வென்ட்' முற்று. 'டு கோ' முற்று இல்லை, தனியாக வரும் 'கோயிங்' என்பதும் இல்லை. ஓர் எழுவாயும் அதற்குரிய முற்றும் சேர்ந்த ஜோடி ஓர் உபவாக்கியம். ஆங்கிலப் புத்தகத்தில் க்ளாஸ் (clause) என்று இருப்பது இதுதான்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "ஆஃப்டர் பையிங் வெஜிடபிள்ஸ் அட் தி மார்க்கெட் நியர் தி டெம்பிள், மை ஆன்ட்டி வென்ட் ஹோம் பை பஸ் டு குக் லஞ்ச்." ஒன்றரை வரி வருகிறது. முற்று என்று பார்த்தால் 'வென்ட்' மட்டும்தான், அதாவது ஒரே ஜோடி, ஆகவே சிம்பிள். அடுத்தது: "ஐ திங்க் ஷி லெஃப்ட்." நாலே வார்த்தை. 'ஐ திங்க்' ஒரு ஜோடி, 'ஷி லெஃப்ட்' இன்னொரு ஜோடி, நடுவில் 'தட்' மறைந்து கிடக்கிறது. இது காம்ப்ளெக்ஸ்.

இரண்டு ஜோடி கிடைத்துவிட்டதா? சரி, இப்போது அவற்றை இணைக்கும் சொல்லைப் பாருங்கள். 'அண்ட், பட், ஆர், ஸோ, யெட், நார், ஃபார்' என்ற ஏழில் ஒன்று இருந்தால் இரண்டு பக்கமும் சமம், அதாவது காம்பவுண்ட். 'இஃப், பிகாஸ், வென், ஆல்தோ, தட், ஹூ, விச்' மாதிரி இருந்தால் ஒரு பக்கம் இன்னொன்றைச் சார்ந்தது, அதாவது காம்ப்ளெக்ஸ். சந்தேகமாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வாசியுங்கள். "பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்" என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் "அதனால என்ன?" என்பார். இரண்டு வகை இணைப்பும் ஒரே வாக்கியத்தில் வந்தால் காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ். அவ்வளவுதான்.

'அண்ட்' விஷயத்தில் மட்டும் கவனம். "ஷி வாஷ்ட் தி ரைஸ் அண்ட் லிட் தி ஸ்டவ்" என்பதில் இரண்டு முற்று, ஆனால் எழுவாய் ஒன்றுதான். பள்ளி இலக்கணப்படி இது சிம்பிள். 'அண்ட்'டுக்குப் பிறகு இன்னொரு 'ஷி' போட்டால் காம்பவுண்ட் ஆகிவிடும். அதனால்தான் வெறும் வினைகளை எண்ணாமல் ஜோடிகளை எண்ணச் சொல்கிறேன்.

இதற்கு மேல் வரும் சிக்கல் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரட்டிப்பு. வீட்டில் பேசும் தமிழும் வெளியில் பேசும் பர்மியமும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. 'மழை பெய்தால்' என்பதில் நிபந்தனை வினையின் வாலில் ஒட்டுகிறது. பர்மியத்தில் 'மோ யுவா யின்', அங்கும் வினைக்குப் பின்னால்தான் 'யின்' வருகிறது. 'கார் விற்ற ஆள்' என்கிறோம், பர்மியத்திலும் விற்ற செய்தி முன்னால், ஆள் பின்னால். ஆங்கிலம் இதைத் தலைகீழாக்குகிறது: முதலில் 'தி மேன்', அப்புறம் 'ஹூ சோல்ட் தி கார்ஸ்'. எழுவாய் ஒரு மூலையில், அதன் வினை எங்கோ தள்ளி. "தி மேன் ஹூ சோல்ட் தி கார்ஸ் இஸ் மை அங்கிள்" என்று எழுத வேண்டிய இடத்தில் பக்கத்தில் இருக்கும் 'கார்ஸ்' கண்ணில் பட்டு, 'இஸ்' என்பதற்குப் பதில் 'ஆர்' (are) போடுகிறவர்கள் என்னிடம் படிப்பவர்களில் பாதிப் பேர் இருப்பார்கள். 'ஹூ' முதல் 'கார்ஸ்' வரை பென்சிலால் அடைப்புக்குறி போடச் சொல்வேன். மிச்சம் 'தி மேன் இஸ்'. அப்புறம் யாருக்கும் தப்பு வருவதில்லை.

'ஆல்தோ' போட்ட கையோடு 'பட்' போடுவதும் இந்த வகைதான். பர்மியத்தில் 'பெமெ' என்ற ஒரே ஒட்டு இரண்டு வேலையையும் பார்த்துவிடும். தமிழிலும் 'மழை பெய்தாலும்' என்று சொன்ன பிறகு ஓர் 'ஆனாலும்' சேர்த்தால் யாரும் முறைப்பதில்லை. ஆங்கிலத்தில் இரண்டு உபவாக்கியத்துக்கு ஒரு இணைப்புச் சொல் போதும். 'பிகாஸ்' போட்டால் 'ஸோ' வேண்டாம், 'ஆல்தோ' போட்டால் 'பட்' வேண்டாம்.

கேள்விச் சொல்லில் தொடங்கும் உபவாக்கியம் இன்னும் மோசம். "அவன் எங்கே இருக்கிறான்?" என்பதோடு 'என்று தெரியவில்லை' சேர்த்தால் தமிழில் வரிசை மாறாது. அந்தப் பழக்கத்தில் "ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி" என்று எழுதுகிறார்கள். உள்ளே போன கேள்வி கேள்வியாக நிற்காது, எழுவாய் முன்னால் வந்து "வேர் ஹி இஸ்" ஆக வேண்டும்.

செய்தி, கேள்வி, கட்டளை, வியப்பு என்று பிரிப்பது தனிக் கணக்கு, அதை இதோடு குழப்ப வேண்டாம். "ஷட் தி டோர்" கட்டளை, அதேசமயம் சிம்பிள். எழுவாய் 'யூ' கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது.

பயிற்சிக்கு நான் கொடுப்பது 'குளோபல் நியூ லைட் ஆஃப் மியன்மார்' என்ற ஆங்கில நாளிதழின் பழைய தாள்கள். செய்திக்காக இல்லை, அந்த நீள நீள வாக்கியங்களுக்காக. முற்றுகளுக்கு வட்டம், இணைப்புச் சொல்லுக்குக் கோடு, சார்ந்த பகுதிக்கு அடைப்புக்குறி. ஒரு பத்திக்கு மேல் வேண்டாம், கண் வலிக்கும்.